பத்திரமான கதிரைகள்

யோகராணி வேலைக்குப் போன முதல் நாள், பிரெஞ்சு நாட்டில் ஒபர்வில்லியே என்ற ஊரில் இருந்த அந்தக் குடைத் தொழிற்சாலைக்குள் வேலைக்காரர் ஒருவரும் இல்லை. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கதிரை. சில கதிரைகளின் முதுகில் கம்பளிச் சட்டை தொங்கியது. சிலவற்றின் கீழே வீட்டுச் செருப்புகள், யாரோ இப்போதுதான் கழற்றிவிட்டு எழுந்துபோன மாதிரி ஒட்டி ஒட்டிக் கிடந்தன. உயரமான யன்னல்களில் கரி படிந்து, காலை வெளிச்சமும் பொழுதுபட்ட வெளிச்சம் போலத்தான் உள்ளே வந்தது. மெஷின் எண்ணெயும் பழைய முகப்பவுடரும் மணத்தன.

இன்றைக்கு லீவு, பிழையான நாளில் வந்துவிட்டோம் என்று நினைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி அட்டை கைக்கு வந்து, லா ஷப்பல் பகுதியில் ஓர் அறைக்குள் நாலைந்து பெண்களோடு முடங்கிக் கிடந்தவளுக்கு இதுதான் முதல் வேலை. திரும்பிப் போக மனமில்லாமல் நின்றாள். பின்னால் தமிழில் ஒரு குரல் கேட்டது.

"வாங்க மதாம். நான் இஞ்ஞாசி. பாண்டிச்சேரி. இங்க நான்தான் ஷெஃப், மேற்பார்வை எல்லாம் நான்தான்."

கோட்டுப் போட்ட, மீசை நரைத்த மனிதர். சப்பாத்துப் பளபளத்தது.

"மற்ற ஆக்கள் எங்கை?" என்று யோகராணி கேட்டாள்.

"எல்லாரும் இருக்காங்க மதாம்," என்றார் இஞ்ஞாசி.

அவர் விளக்கிச் சொன்னது இது. சில வருடங்களுக்கு முன் கப்பல் கப்பலாக மலிவுக் குடைகள் வந்து இறங்கின. உள்ளூர்க் குடைத்தொழில் நடுங்கியது. உடனே குடைத்தொழில் காப்புச் சபை என்று ஒன்று பிறந்தது. இந்தத் தொழிற்சாலையில் ஒரு வேலையும் போகவிடுவதில்லை என்று அது சபதம் எடுத்தது. முதலில் வெளிநாட்டுக் குடைகளைத் தடுத்தது. பிறகு பக்கத்து ஊர்க் குடைகளும் போட்டிதான் என்று கண்டுபிடித்து அவற்றையும் தடுத்தது. அப்படியும் வேலைகள் போய்க்கொண்டே இருந்தன. சபை ஒரு விசாரணை வைத்தது. வேலை போவதற்கு முக்கியமான காரணம் வேலையாட்கள்தான் என்று அந்த விசாரணை முடிவுசெய்தது. அவர்களுக்கு நோய் வருகிறது, வயது போகிறது, கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போகிறார்கள், செத்தும் போகிறார்கள். கதிரைக்கு இந்தக் குறை ஒன்றும் இல்லை. அதனால் ஓர் ஆள் எழும்பிப் போனதும் அந்தக் கதிரையைச் சபை தன் காவலில் எடுத்துக்கொண்டது. பிறகு அதில் ஒருவரையும் இருத்தவில்லை.

"சபை வந்ததுக்கு அப்புறம் இங்க ஒரு வேலைகூட போனதில்ல மதாம்," என்றார் இஞ்ஞாசி பெருமையாக. "ஆளுங்கதான் போயிட்டாங்க."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீங்கதான் குரல்."

காலையில் இஞ்ஞாசி மண்டபத்தின் நடுவில் நின்று பெயர்களைக் கூப்பிடுவார். எல்லாம் அவருக்கு மனப்பாடம். யோகராணி அந்தந்தக் கதிரையில் போய் இருந்து "பிரசான்" என்று சொல்லவேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு மெஷினின் மிதியைக் கொஞ்சம் மிதிக்கவேண்டும். நூல் கோப்பதில்லை. துணியும் இல்லை. கதிரையில் சூடு ஏறும்வரை இருந்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

"குடை தைக்கிறேல்லையோ?"

இஞ்ஞாசி பதறி வாசல் பக்கம் பார்த்தார். "மெதுவா பேசுங்க மதாம். ஒரு குடை வெளிய போச்சுன்னு வச்சுக்கோங்க. யாராவது வாங்குவான். வாங்கினவன் அதை இன்னொரு குடையோட சேத்து வச்சுப் பாப்பான். பாத்தா அப்புறம் போட்டிதான். போட்டி வந்தா இந்த நாற்காலிங்க கதி என்ன?"

அன்று வீட்டுக்கு வந்து அவள் சொன்னபோது அறைப் பெண்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். யோகராணியும் சிரித்தாள். அடுத்த கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சில கதிரைகளில் அவள் இருக்கமுன்பே சூடு இருந்தது.

யன்னலோர மெஷின் ஒன்று, அவள் காலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடியது. ஊசி வெறும் தகட்டில் டக் டக் என்று குத்திக்கொண்டிருக்கும். அவள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அது தானாக நிற்கும். இஞ்ஞாசியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது மதாம் ஜெர்மேனோட இடம். நம்ம ஊர் அம்மாதான். எப்பவும் சொன்ன நேரத்துக்கு மேல கொஞ்சம் செஞ்சிட்டுத்தான் எழுந்திரிப்பாங்க."

"அவ இப்ப எங்கை?"

"இதோ இருக்காங்களே," என்று கதிரையைக் காட்டினார்.

விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் யோகராணி போனாள். போகப்போக அந்த இடம் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் அவளால் யாருக்கும் சொல்ல முடியவில்லை.

அவளுக்குப் பாலச்சந்திரன் என்று ஒரு தம்பி. ஊரில் ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனவனைச் சந்தியில் இராணுவம் சுற்றிவளைத்து ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை. அம்மா ஓரிடமும் போய் முறையிடவில்லை. முறையிட்டால் அவன் இல்லை என்று தன் வாயால் சொல்லவேண்டும். கேட்டவர்களிடம் எல்லாம் "வெளியிலை போயிட்டான், வந்திடுவான்" என்றாள். சோறும் போட்டு மூடி வைத்தாள். யோகராணியும் அந்த வீட்டில் அதையே சொல்லிப் பழகித்தான் கப்பல், லொறி, ரயில் என்று ஏறி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே, காணாமல் போன ஒவ்வொருவரையும் ஒருவர் தினமும் கூப்பிடுகிறார். ஒவ்வொருவரும் வந்திருக்கிறார்கள். ஒருவரும் இழக்கப்படவில்லை.

ஒரு காலை, இஞ்ஞாசி கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்த பிறகு, யோகராணியின் வாயிலிருந்து "பாலச்சந்திரன்" என்று வந்துவிட்டது. மண்டபம் அதை வாங்கி ஒருதரம் திருப்பிச் சொன்னது. அவள் பயந்துபோனாள். பிறகு மெதுவாக, "பிரசான்," என்றாள்.

இஞ்ஞாசி அவளைப் பார்த்தார். அடுத்த நாள் அவள் வந்தபோது கடைசி வரிசையில் புதிதாக ஒரு மெஷினும் கதிரையும் போட்டிருந்தார்கள். கதிரைக்கு இப்போதுதான் வார்னிஷ் பூசியிருந்தார்கள்.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன் மதாம்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "ஆனா ஒரு வேலை கூடியிருக்கு. சபை ஆரம்பிச்ச நாள்லேருந்து இதுதான் முதல் தடவை. மெசியே லெ திரெக்தர், சபை இயக்குநர் அவரே வராரு."

விழா வைத்தார்கள். பாலச்சந்திரனின் கதிரைக்கு மூவர்ண ரிப்பன் கட்டினார்கள். சபையின் இயக்குநர் பெரிய காரில் வந்தார். கூட வந்த ஏழெட்டுப் பேரும் கதிரைகளுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார்கள். இருக்க இடமில்லாததால் எல்லோரும் நின்றார்கள். வெளியே மழை. வந்தவர்கள் எல்லோரும் நனைந்திருந்தார்கள். குடை விலை அந்த வட்டாரத்தில் நகை விலைக்குப் போய்க் கனகாலம்.

இயக்குநர் பேசினார். இஞ்ஞாசி ஓரமாக நின்று யோகராணிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நண்பர்களே, போட்டி வந்தால் வேலை வளரும் என்று சிலர் பிதற்றுகிறார்கள். அவர்கள் இந்த மண்டபத்துக்கு வரட்டும். இந்த அமைதியைக் கேட்கட்டும். இங்கே வேலைநிறுத்தம் உண்டா? விபத்து உண்டா? ஒரு குறைகூறல் உண்டா? நாம் துணி ஆலையைப் பாதுகாத்தோம், அதனால் துணி வருவதில்லை. கம்பி ஆலையைப் பாதுகாத்தோம், அதனால் கம்பி வருவதில்லை. பாதுகாப்பு பூரணமானது. இன்று ஒரு புதிய வேலையையே உருவாக்கியிருக்கிறோம். அதைப் பெற்றிருக்கும் இந்த இளைஞர் உலகம் முழுவதற்கும் முன்மாதிரி. அவர் ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. ஒருநாளும் சம்பளம் கூட்டிக் கேட்கப்போவதில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி உள்ளே வந்தாள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆண்களின் மழைக்கோட்டு. இருமிக்கொண்டே நடந்து யன்னலோர மெஷினிடம் போய், குனிந்து, கதிரையின் கீழிருந்த செருப்பை எடுத்துத் தண்ணீர் ஊறிய தன் காலில் போட்டாள். அளவாக இருந்தது.

இஞ்ஞாசியின் முகம் வெளுத்துவிட்டது. "மதாம் ஜெர்மேன்!"

"ஆமா, நான்தான். புதுசா வேலை குடுக்கிறீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தேன்," என்றாள் அவள்.

இயக்குநருக்கு விஷயம் சொல்லப்பட்டது. அவர் மிகவும் மகிழ்ந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவளுடைய வேலை முழுக்க முழுக்கப் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி சொன்னார்.

"அப்படின்னா நான் உக்காரலாமா?"

அதுதான் முடியாது என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. இன்று உட்காருவார், நாளை எழுந்து போவார், வேலை போய்விடும். உட்காராத வரையில் அந்த வேலைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. அத்தோடு, அவர் மென்மையாகச் சுட்டிக்காட்டினார், மதாம் இருமுகிறார்.

ஜெர்மேன் இஞ்ஞாசியின் பக்கம் திரும்பினாள். "நான் ஆஸ்பத்திரில மாசக்கணக்கா கெடந்தேன். ஒருத்தரும் வந்து பாக்கல. நம்மள எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். நான் வரலன்னு இங்க யாருக்குமே தெரியலியா?"

இஞ்ஞாசி அந்தக் கதிரையின் முதுகைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"நான் இருக்கேன்னு தெனமும் யாரு சொன்னது?"

"நான்தான் அம்மா," என்றாள் யோகராணி. "நான்தான் உங்களுக்காகச் சொன்னனான்."

கிழவி கோபிக்கவில்லை. அதுதான் யோகராணியால் தாங்க முடியவில்லை. "நீ நல்ல பொண்ணாத்தான் இருக்கே," என்றாள் ஜெர்மேன். "ஆனா நான் இருக்கேன் இருக்கேன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்ததுல, என்னை யாரும் தேடவே இல்ல பாரு."

யோகராணிக்கு அம்மா மூடி வைத்த அந்தச் சோற்றுக் கோப்பை கண்ணுக்குள் வந்து நின்றது. கடைசி வரிசைக்கு நடந்தாள். கதிரையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள். முடிச்சு இலேசில் விடவில்லை.

"பாலச்சந்திரன் இஞ்சை இல்லை," என்றாள் உரக்க. "அவன் என்ரை தம்பி. அவன் இஞ்சையும் இல்லை, வீட்டையும் இல்லை. அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அவனைக் காணேல்லை."

அந்தச் சொற்களை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என்ன சொல்கிறாள் என்று இயக்குநர் கேட்டார். இஞ்ஞாசி பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அவள் சபைக்கு நன்றி சொல்கிறாள் என்றார். மறுபடி கைதட்டினார்கள்.

யோகராணியும் ஜெர்மேனும் மழைக்குள் இறங்கி நடந்தார்கள். அந்தக் கிழமையே, காணாமல் போனவர்களைத் தேடும் ஓர் அமைப்பின் அலுவலகத்துக்கு ஜெர்மேன் அவளைக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்து பிரெஞ்சில் எல்லாம் சொன்னாள். தேடுகிறோம் என்றார்கள் அங்கே. அதற்குப் பிறகு யோகராணி பல இரவு நித்திரையில்லாமல் கிடந்தாள். தம்பியைத் தானே கொன்றுவிட்ட மாதிரி இருந்தது. விடிந்ததும் அப்படியில்லை என்று தோன்றும்.

ஜெர்மேனுக்கு ரூ பஜோல் தெருவில் ஒரு சின்னக் கடை இருந்தது. அவளுடைய புருஷன் சப்பாத்துத் தைத்த இடம். அவர் செத்த பிறகு பூட்டியே கிடந்தது. தோல் தைக்கிற மெஷின் ஒன்றும் இருந்தது. "வெளிய மழை பெய்யுது, ஊர்ல குடை இல்ல. இதுக்கு மேல என்ன யோசனை?" என்றாள் ஜெர்மேன். குடை கொண்டுவரத்தான் சபை தடை போட்டிருந்தது. இந்த ஊரில் யாராவது குடை தைப்பார்கள் என்று அதற்குத் தோன்றவே இல்லை. உடைந்த பழைய குடைகளைக் கம்பிக்காகப் பொறுக்கினார்கள். மொத்தக்கடையில் மழைக்கோட்டுத் துணி வெட்டுத்துண்டுகளை வாங்கினார்கள்.

முதலில் தைத்த குடை, அதை வாங்கியவரின் கையில், லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படியிலேயே மேல்பக்கம் விரிந்து பூ மாதிரி நின்றது. அவர் திரும்பி வந்து போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யோகராணி கூனிக் குறுகிப் போனாள். ஆனாலும் அந்தச் சத்தம் அவளுக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது. தொழிற்சாலையில் இருந்த காலம் முழுவதும் அவள் செய்த வேலையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தையலை மாற்றினார்கள். குடை நின்றது. விற்றது. இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடையில் ஒரு கதிரை காலையில் வெறுமையாக இருந்தால் யோகராணிக்குக் கை கால் ஓடாது. வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவாள். "காய்ச்சல்தான் அக்கா, உயிரோடைதான் இருக்கிறன்" என்று உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் திரும்புவாள்.

அப்படி இருக்கையில் தெருவின் எதிர்ப்பக்கம் தவரத்தினம் கடை திறந்தார். யாழ்ப்பாணத்தில் யோகராணியின் பக்கத்து ஊர். உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். அவரும் குடைதான் தைத்தார். கைப்பிடி வளைவாக, பிடிக்க வாட்டமாக இருந்தது. விலையும் குறைவு. ஒரு மாதத்துக்குள் வாடிக்கையாளர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள்.

யோகராணி கொதித்தாள். "எங்களைப் பாத்துத்தானே தொடங்கினவர். உது நியாயமோ?"

அந்த வயிற்றெரிச்சல் எப்படித்தான் ஒபர்வில்லியேவரை எட்டியதோ, மூன்றாம் நாள் இஞ்ஞாசி வந்து கடைவாசலில் நின்றார். முன்பைவிட மெலிந்திருந்தார். சப்பாத்து மட்டும் அதே பளபளப்பு.

"நான் சண்டைக்கு வரல மதாம். உதவிக்குத்தான் வந்திருக்கேன். எதிர்க் கடையைச் சபை மூடிடும். உங்களை நாங்க பாதுகாக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

யோகராணி எதிர்ப்பக்கம் பார்த்தாள். தவரத்தினத்தின் கடையில் மூன்று பேர் குடை வாங்க நின்றார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது சம்மதம்.

அந்நேரம் தைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனாள். இஞ்ஞாசி அந்த வெறும் கதிரையிடம் போனார். அதன் முதுகில் அவள் போட்டுவிட்டுப் போன கம்பளிச் சட்டையை மடிப்பில்லாமல் நீவிவிட்டார். குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினார்.

"அழகா இருக்கு," என்றார். "இவ இப்படியே திரும்பி வராம இருந்துட்டா, இந்த வேலை என்னைக்கும் போகாது."

"மெசியே, கையை எடுங்கோ," என்றாள் யோகராணி. "எங்களுக்கு ஒருத்தற்றை பாதுகாப்பும் வேண்டாம். போயிட்டு வாங்கோ."

அவர் போன பிறகு ஜெர்மேன் காசைக் கொடுத்து எதிர்க்கடையில் ஒரு குடை வாங்கிவந்தாள். இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்த மாதம் இவர்களுடைய கைப்பிடி அவருடையதைவிட நன்றாக இருந்தது. அவர் மடக்குக் குடை கொண்டுவந்தார். இவர்கள் பெண்களுக்கென்று நிறம் நிறமாகத் தைத்தார்கள். அவர் தன் கடைக்கு ஆள் எடுத்தார், இவர்களும் எடுத்தார்கள். தெருவில் கண்டால் இரண்டு பகுதியும் முகம் பார்ப்பதில்லை.

ஒருநாள் ஓர் இளம்பெண் கடைக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பெயர் புனிதவதி. வேலை ஏதும் இருக்கிறதா என்று ஜெர்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு தையற்காரி "யோகராணி அக்கா" என்று கூப்பிட்டாள். யோகராணி எழும்பி வந்தாள். புனிதவதி வீரிட்டுக் கத்திவிட்டாள்.

"நீங்கள்… நீங்கள் செத்துப் போனியளெண்டெல்லோ நினைச்சன்!"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. நான்தான் தினமும் உங்களுக்குப் பிரசான் சொல்லுறனான். உங்கடை கதிரை நடு வரிசையிலை கிடக்கு. உங்கடை தம்பிக்கும் நான்தான் சொல்லுறனான். என்னாலை இனி ஏலாது. நித்திரையிலையும் ஆரோ என்னைக் கூப்பிடுகினம். நேற்று விட்டிட்டு ஓடி வந்திட்டன்."

யோகராணி அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை அவளுடைய கையை விடவில்லை. பிறகு கேட்டாள். "இப்ப அங்கை ஆர் பதில் சொல்லுறது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. கூப்பிடுறதும் அவர்தான், கதிரைக்குக் கதிரை ஓடிப் பதில் சொல்லுறதும் அவர்தான்."

யோகராணியிடம் அந்த மாதம் வேலை இல்லை. மடக்குக் குடை வந்ததிலிருந்து வியாபாரம் படுத்திருந்தது. இருக்கிற பெண்களுக்கே வேலை போதவில்லை. அவள் புனிதவதியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து தவரத்தினத்தின் கடைக்குள் போனாள். அந்த வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை.

தவரத்தினம் சந்தேகமாகப் பார்த்தார். "என்ன பிள்ளை, வேவு பாக்க ஆள் விடுறியோ?"

"உங்களிட்டை வேலை கிடக்கு அண்ணை. என்னட்டை இல்லை. அவ்வளவுதான்."

அவர் புனிதவதியைப் பார்த்தார். "உன்ரை பேரென்ன?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. யார் யாருடையவோ பெயர்கள் உதட்டுவரை வந்து திரும்பிப் போவது தெரிந்தது. தவரத்தினம் பொறுமையாக நின்றார்.

"புனிதவதி," என்றாள் கடைசியில், அழுதபடி.

"சரி, அந்த மெஷினிலை இரு," என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்து, மரம் முறிக்கிற காற்றில், தவரத்தினத்தின் கடைக் குடை ஒன்று அசையாமல் ரூ பஜோல் வழியே நடந்து போவதை யோகராணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வயிறு எரிந்தது. அன்றே அதில் ஒன்றை வாங்கிவந்து மேசையில் கிழித்துப் போட்டார்கள். ஜெர்மேன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"கம்பி சேர்ற எடத்துல அடியில இன்னொரு துணி குடுத்து ரெட்டைத் தையல் போட்டிருக்கா. அந்தப் பொண்ணோட கைதான் இது."

"கெட்டிக்காரி," என்றாள் யோகராணி பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைவிட நல்லாச் செய்யலாம் அம்மா. ஆனால் இருக்கிற ஆக்கள் காணாது. இன்னும் ஓர் ஆள் எடுக்க வேணும்."

ஜெர்மேன் மட்டை ஒன்றை எடுத்து, யன்னலில் வைக்கப் பெரிய எழுத்தில் 'ஆள் தேவை' என்று எழுதத் தொடங்கினாள்.

"உயிரோடை உள்ள ஆள் எண்டு எழுதுங்கோ," என்றாள் யோகராணி.

ஜெர்மேன் சிரிக்கவில்லை. அப்படியே எழுதினாள்.